மயிலை ஓட்டுன சால்

வா கண்ணு, வா. அந்தப் பொட்டியப் பொறகு பிரிக்கலாம், மொதல்ல ஒரு டம்ளர் மோரு குடி. என்ற மூக்குக்கண்ணாடிய ரெண்டு நாளாக் காணோம். அதனால நீ இளைச்சிருக்கியா பெருத்திருக்கியான்னு சொல்லத் தெரியல. பெருத்துட்டேன்னு வெச்சுக்கறேன், உங்கம்மிச்சி சந்தோசப்படுவா.

ஆக, நாலு வருசம் எஞ்சினீருக்குப் படிச்சு, பெங்களூருல வேலைக்குச் சேந்து, கடைசியில நீ பாக்கறது ஊடு கூட்டற வேலை. உங்கம்மிச்சிகிட்டச் சொன்னேன். சித்த நேரம் ஒண்ணும் பேசல. அப்பறம், "இதுக்கு நாலு வருசமா? எங்கிட்ட வந்திருந்தா நாலு நாள்ல சொல்லிக் குடுத்திருப்பனே"ங்கறா. கோவிச்சுக்காத. அம்பது வருசமா அந்த வேலையப் பாக்கறவ, ஒரு நயா பைசா சம்பளம் வாங்காதவ. உங்க ஆபீசுல அவ இருந்திருந்தா இன்னேரம் பெரிய மேனேஜர்.

போன நோம்பிக்கு வந்தப்ப, "அப்பச்சி, சும்மா ஓட்டிப் பாருங்க, எங்கெங்க மாட்டுதுன்னு சொல்லுங்க"ன்னு தானாக் கூட்டற ஒரு மெஷின உட்டுட்டுப் போனயே, மூணு மாசமா நான் அதத்தான் மேச்சுட்டு இருக்கறேன். வெள்ளையும் சாம்பலுமா இருந்துது, மயிலைன்னு பேரு வெச்சுட்டேன். சிரிக்காத. அமெரிக்காக்காரங்களே இதுக்குப் பேரு வெக்கறாங்க, ரிப்பேருக்கு அனுப்பறப்ப, "புதுசு வேண்டாம், எங்குளதையே சரிபண்ணிக் குடு"ன்னு அடம் புடிக்கறாங்கன்னு சொன்னது நீதான. காளைக்கெல்லாம் பேரு வெச்சவனுக்கு இதுல என்ன வெக்கம்?

நீ சொன்ன கதையெல்லாம் மறக்கல. உங்க தொழிலுக்குக் குலதெய்வமாட்ட ஒருத்தர் இருக்காரே, ஆஸ்திரேலியாக்காரர், ராட்னி புரூக்ஸ். 1979ல ஸ்டான்ஃபோர்டுல ஒரு ரோபோ வண்டி, நாற்காலி போட்ட ஒரு ரூமத் தாண்ட 5 மணி நேரம் எடுத்துக்குச்சாம். ஒரு அடி வெக்கறதுக்கு முன்னால ஒலகத்தையே கணக்குப் போடும். நம்ம ஊர்ப் பஞ்சாயத்தாட்ட. இந்த மனுசன் 1980கள்ல தாய்லாந்துல மாமியார் ஊட்டுக்குப் போறாரு. அவங்க பேசறது இவருக்குத் தெரியாது. பழம பேச ஆளில்லாம உக்காந்து பூச்சியப் பாத்துட்டே இருக்காரு. கடுகத்தன மூளை, ஆனா அது எங்கயாச்சும் நின்னு ரோசனை பண்ணுதா? முட்டுனாத் திரும்பிக்குது, போயிட்டே இருக்குது. மூளை பெருசா வேண்டாம், முட்டுனாத் திரும்பற புத்தி போதும்னு இவருக்குப் பிடிபட்டுருது.

மாமியார் ஊட்டுல மருமகன் சும்மா இருக்கறதுதான் மொறை. சும்மா இருந்ததுலதான் உங்க தொழிலே பொறந்துது. அதனால ஆபீசுல எவனாச்சும் ஜன்னல் வழியாப் பூச்சிய வேடிக்கை பாத்துட்டு இருந்தா, மேலிடத்துல போட்டுக் குடுக்காத.

அவரும் ரெண்டு மாணவருமாச் சேந்து 1990ல ஆரம்பிச்சதுதான் ஐரோபாட். அந்தக் கம்பெனி மெஷின் 2001ல நியூயார்க் கோபுரம் உளுந்த இடிபாட்டுல தேடப் போச்சு, 2002ல ஆப்கானிஸ்தான் குகைக்குள்ள போச்சு. அதே 2002 செப்டம்பர்ல அதுக்கு ஒரு தங்கச்சி பொறந்து கட்டிலுக்கடியில போச்சு, பேரு ரூம்பா. குகையில தீவிரவாதியத் தேடறதும் கட்டிலுக்கடியில குப்பையத் தேடறதும் ஏறக்குறைய ஒரே வேலைதான்னு உங்கம்மிச்சி ரொம்ப நாளாச் சொல்லிட்டு இருக்கறா, நான்தான் நம்பல.

ரூம்பாவுக்கு முன்னாலயே சுவீடன்ல எலக்ட்ரோலக்ஸ்காரங்க ஒண்ணு செஞ்சாங்களாமே, டிரைலோபைட்டுன்னு. 1996ல பிபிசி டிவியில காட்டுனாங்க, 2001ல கடைக்கு வந்துது. வவ்வாலாட்டச் சத்தம் உட்டு செவுத்தக் கண்டுபுடிக்குமாம். நல்ல மெஷின்தான். ஆனா வெலையக் கேட்டா ஊட்டுக்காரன் தானே சீமாத்த எடுத்துக்குவான். ரூம்பா ஏறக்குறைய 200 டாலருக்கு வந்துது. எப்படி அந்த வெலைக்கு வந்துது? கண்ண எடுத்துட்டாங்க, வரைபடத்த எடுத்துட்டாங்க, ரோசனைய எடுத்துட்டாங்க. நடுவுல சுருளாச் சுத்தும், முட்டுனாத் திரும்பும், கொஞ்ச தூரம் செவுத்தோரமாப் போவும், மறுபடி மனசு போன போக்குல போவும். குடிச்சுப்போட்டு வாரவன் ஊட்டத் தேடற மாதிரி. ஆனா அவன் என்னிக்காச்சும் ஊடு வந்து சேராம இருந்திருக்கானா? பத்துத் தடவ குறுக்க மறுக்கப் போனா ரூமு முச்சூடும் ஒரு தடவையாச்சும் கூட்டுப்பட்டுரும்.

அதச் செஞ்ச ஜோ ஜோன்ஸ் கதைதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. 1989லயே எம்ஐடியில வெளையாட்டு லெகோ கட்டைய வெச்சு ஒண்ணு செஞ்சு பாத்துட்டாரு. கடைக்கு வர 13 வருசம். அவரு மொதல்ல போட்ட கணக்குல ஒறிஞ்சற காத்தே கெடையாது. உருளை பிரஷ்ஷு கூட்டி உள்ள தள்ளும், அவ்வளவுதான். பேட்டரி கம்மி, காத்துக்கு ஏது கரண்டு? ஆனா வாங்க வந்த சனங்ககிட்டக் கேட்டா, "வேக்குவம் இல்லியா? அப்ப பாதி வெலைதான் தருவோம்"னுட்டாங்க. மனுசன் என்ன பண்ணுனாரு? பிரஷ்ஷுக்குப் பின்னால சன்னமா ஒரு இடுக்கு வெச்சு, துளிக் காத்த அதுக்குள்ள வேகமா ஓட வெச்சாரு. மெஷினு மொத்தத்துக்கும் சுமார் 30 வாட்டு. அந்த ஊர்ல கையில தள்ளற மெஷினு ஆயிரம் வாட்டுக்கு மேல குடிக்கும்.

இத எதுக்குச் சொல்றேன்னா, நீ கொண்டாந்த புதுப் பொட்டி மேல கொட்ட எழுத்துல இருபதாயிரம் பாஸ்கல்னு போட்டிருக்குது, கண்ணாடி இல்லாத எனக்கே தெரியுது. காளை வாங்கப் போயி கொம்பு எத்தன அடின்னு கேக்கறவன நான் பாத்திருக்கறேன். கொம்பா உழுவுது? நீயும் சந்தைக்குத் தகுந்தாப்புல கொம்புக்கு எண்ணெய் போடு, தப்பில்ல, சம்பளம் அதுலதான் வருது. ஆனா உள்ளுக்குள்ள அந்த இடுக்க மறந்துராத.

மயிலை ஏன் வட்டமா இருக்குதுன்னு மொத நாளே எனக்குப் புரிஞ்சுபோச்சு. ரெண்டு சக்கரமும் நட்ட நடுவுல இருக்குது. ஒண்ணு முன்ன, ஒண்ணு பின்ன சுத்துனா நின்ன எடத்துலயே திரும்பிக்கும். வட்டமா இருக்கறது எந்தச் சந்துக்குள்ள நுழைஞ்சாலும் திரும்பி வெளிய வந்துரும், மூலை இருக்கறவன்தான் சந்துல மாட்டுவான். நம்ம ஊர்லயும் மூலை இல்லாத ஆளுதான் எந்தக் கட்சியிலயும் நுழைஞ்சு வெளிய வாரான். ஆனா வட்டத்துக்கு ஒரு கொறை: செவுத்து மூலைய எட்டாது. அதுக்கு மீச மாதிரி ஒரு பக்கப் பிரஷ்ஷ வெச்சு, மூலைக் குப்பைய நடுவுக்குத் தட்டி உடறீங்க. உங்கம்மிச்சி மூணு மாசமா அந்த மீசையையே பாத்துட்டு இருந்தா. போன வாரந்தான் வாயத் தொறந்தா: "குப்பைய உள்ள தள்ளறதவிட அக்கட்டால செதறடிக்கறதுதான் எச்சு. மூலைக்கு வந்தா மெதுவாச் சுத்தச் சொல்லு. நான் மூலையில என்னிக்காச்சும் வீசிக் கூட்டி நீ பாத்திருக்கியா?" எழுதிக்க. பேனா இல்லியா? போன்ல ஏத்திக்க.

அப்பறம், இந்தக் கெணத்து வெவகாரம். படியில உருண்டு உளுகாம இருக்கறதுக்கு அடிவயித்துல ஒரு வெளக்கு வெச்சிருக்கீங்க, கண்ணுக்குத் தெரியாத செவப்பு. தரையில பட்டுத் திரும்பி வந்தாத் தரை இருக்குது, வரலீன்னாப் பள்ளம். அருமையான ரோசனை. என்ன, கறுப்புத் துணி அந்த வெளிச்சத்த முழுங்கிருது. என்ற கறுப்புக் கம்பளிய விரிச்சுப் படுத்திருந்தேன், மயிலை வந்து ஓரத்துல நின்னு ஒரு பார்வை பாத்துது. பின்னால போச்சு. மறுபடி வந்துது. எஞ்சினீரு செஞ்ச மெஷினு, அப்பச்சி கெணத்து மேல படுத்திருக்கான்னு நெனச்சுட்டுத் திரும்பிப் போயிருச்சு. எனக்கு ஒரு மாதிரி நிம்மதியாத்தான் இருந்துது.

நிம்மதி எதுக்குன்னா, அந்தக் கொரியாக்காரம்மா கதை தெரிஞ்சதுக்கப்பறம் தரையில படுக்கவே பயமா இருந்துது. 2015 மொதல்ல, சாங்வோன் ஊர்ல, அம்பது வயசு தாண்டுன ஒரு அம்மா மெஷின ஓட உட்டுட்டுத் தரையில படுத்துத் தூங்கிப்போட்டாங்க. மெஷின் வந்து தலமுடிய இழுத்துச் சுருட்டிக்கிச்சு. தீயணைப்புக்காரங்க வந்துதான் எடுத்து உட்டாங்க. கொரியாவுல தரையில படுக்கறது வழக்கம், நம்மள மாதிரி. அந்த மெஷின வரைஞ்சவன் மனசுல மனுசன்னா கட்டில் மேல இருக்கறவன். தரையில இருக்கறதெல்லாம் குப்பை.

இதத்தான் உனக்கு நான் சொல்லோணும்னு மூணு மாசமா வெச்சிருக்கறது. உங்க ஆபீசுல எத்தன பேரு? அதுல எத்தன பேரு வெறுந்தரையில படுத்திருக்காங்க? எத்தன பேரு கையில சீமாறு புடிச்சிருக்காங்க? எல்லாரும் சொழல்நாற்காலியில உக்காந்து தரையப் பத்தித் திட்டம் போடறீங்க. மேட்டுல உக்காந்துட்டு வாய்க்காலுக்கு மட்டம் பாக்கற மாதிரி. ஒரு நாள், ஒரே ஒரு நாள், எல்லாரும் ஒட்டுக்காத் தரையில படுங்க. கன்னம் தரையில படட்டும். ஒம்பது சென்டிமீட்டர் ஒசரத்துல இருந்து பாத்தா ஊடு வேற மாதிரி இருக்கும். பல்லாங்குழிக் கட்டைய நீங்க ஆடற சாமானும்பீங்க. மயிலைக்கு அது மலை. சார்ஜர் வயரு பாம்பு. மல்லிப்பூத் தொடுத்த நாரு இருக்குதே, அது சுருக்குக் கயிறு. உருளையில சுத்துன நாரையும் உங்கம்மிச்சி முடியையும் அறுத்து எடுக்கறதுக்கே வெள்ளிக்கெழமதோறும் எனக்கு அரை மணி நேரம். முடி சுத்துதுன்னுதான் 2013லயே பிரஷ் மயிர எடுத்துப்போட்டு ரப்பர் உருளை வெச்சாங்க ஐரோபாட்காரங்க. நீ குடுத்ததுல இன்னும் மயிருதான். கேட்டா ரப்பரு வெலை அதிகம்ங்கற. என்ற வெள்ளிக்கெழம சும்மாவா வருது?

சரி, கண்ணு வெச்ச கதைக்கு வருவோம். 2010ல நீட்டோன்னு ஒரு கம்பெனி, தலையில சொழலற லேசர வெச்சு ஒண்ணு கொண்டாந்தாங்க. நாலாபக்கமும் செவுரு எவ்வளவு தூரம்னு அளந்து, மனசுக்குள்ள ஊட்டு வரைபடம் போட்டுக்கும். அன்னியோட குடிகாரன் நடை போச்சு, சால் ஓட்டற நடை வந்துது. நம்ம மயிலையும் அந்தச் சாதிதான். ஆசாரத்துல அது போறதப் பாத்தா என்ற அப்பன் ஏர் ஓட்டுனது ஞாபகம் வருது: நேராப் போயி, தலைமாட்டுல திரும்பி, போன சாலுக்குப் பக்கத்துலயே அடுத்த சால். எட சால் உடறதில்ல. அழகு. மயிலைன்னு பேரு வெச்சதுக்கு அன்னிக்குத்தான் எனக்கு வெக்கம் போச்சு.

அந்த நீட்டோ என்ன ஆச்சு? 2023ல கடைய மூடிட்டாங்க. அஞ்சு வருசத்துக்கு மேகக்கணினிய ஓட்டறோம்னு சொன்ன ஜெர்மன் தாய்க்கம்பெனி, 2025லயே அணைச்சிருச்சு. ஊட்டுல இருக்கற மெஷினுக்குப் போன்ல சொன்னது கேக்காது. பட்டன அமுக்குனாத்தான் ஓடும். எங்கயோ ஜெர்மனியில ஒருத்தன் சுவிட்ச அமுக்குனா, என்ற ஆசாரத்துல மயிலைக்குப் புத்தி போயிரும். சீமாறு கட்டுன ஆளு செத்து இருபது வருசமாச்சு, அவன் கட்டுனது இன்னும் பொடக்காளியில கூட்டிட்டு இருக்குது. உன்ற மெஷினுக்கு மூளைய அது வயித்துக்குள்ளயே வெய்யி கண்ணு. ஒறம்பரை ஊட்டுல வெக்காத.

லேசருக்கு ஒரு கொறை, அது தன் கண்ணு ஒசரத்துல இருக்கறதத்தான் பாக்கும், காலடியில கெடக்கறது தெரியாது. பெரிய மனுசங்களுக்கெல்லாம் உள்ளதுதான். லேசர் இல்லாத மெஷினுக்கும் காலடி தெரியாமப் போனதுண்டு: 2016ல ஆர்க்கன்சாஸ்ல ஒரு ஊட்டுல நாய்க்குட்டி ராத்திரி அசிங்கம் பண்ணி வெச்சுது. மெஷின் அதுல ஏறி, ஊடு முச்சூடும் சால் ஓட்டி மொழுகிருச்சு. நாம சாணி போட்டு மொழுகறது வேற, இது வேற. அதத் தடுக்கறதுக்கு ஐரோபாட்காரங்க பசங்க வெளையாடற களிமண்ணுல வெத வெதமா நாய்ப் பீ செஞ்சு, படம் புடிச்சு, மெஷினுக்குப் பாடம் எடுத்து, 2021ல கேமரா வெச்ச மெஷின வித்தாங்க. மொத வருசத்துல அதத் தொட்டுட்டா வேற மெஷின் இனாம். பீக்குக் கேரண்டி எழுதிக் குடுத்து யாவாரம் பண்ணுனவங்கள நான் அன்னிக்குத்தான் கேள்விப்பட்டேன். படிச்ச புள்ளைங்க ஆபீசுல உக்காந்து களிமண்ணுல அதச் செஞ்சுட்டு இருந்ததப் பெத்தவங்க பாத்திருந்தா என்ன நெனச்சிருப்பாங்க?

கண்ணு வெச்சா அது பாக்கத்தான செய்யும். 2020ல ஐரோபாட் சோதனைக்கு உட்ட மெஷின் எடுத்த படத்துல, கக்கூஸ்ல உக்காந்திருக்கற ஒரு பொம்பளப் புள்ளயும் இருந்துது. படத்துல எது நாற்காலி, எது மனுசன்னு குறிச்சுக் குடுக்கற கூலி வேலை வெனிசுவேலாவுல. அங்கிருந்து படம் வெளிய போச்சு. 2022 டிசம்பர்ல எம்ஐடி டெக்னாலஜி ரெவ்யூ பத்திரிகை எழுதுச்சு. படம் புடிப்போம்னு சொல்லி, சம்மதம் வாங்கிக் குடுத்த சோதனை மெஷினுங்கன்னு கம்பெனி சொல்லுச்சு. சம்மதம் குடுத்தவங்க வெனிசுவேலா வரைக்கும் சம்மதிச்சாங்களான்னு தெரியல. 2024 மே மாசம் அமெரிக்காவுல எக்கோவாக்ஸ் கம்பெனி மெஷினுக்குள்ள எவனோ பூந்து, அது வாயாலயே ஊட்டுக்காரங்களக் கெட்ட வார்த்தையில திட்டுனான், நாயத் தொரத்துனான். கூட்டற மெஷினுக்கு எதுக்கு வாயி? நம்ம ஊட்டுல திட்டற வேலைக்கு ஆளு இருக்குது. வேலைக்கு வாரவங்க சமையக்கட்டுல பாத்தத வெளிய சொல்லக்கூடாதுன்னு எங்காலத்துலயே ஒரு கட்டுமானம் உண்டு. உன்ற மெஷினுக்கும் அதச் சொல்லி வளத்து. படுக்கறதுக்கு முன்னால உங்கம்மிச்சி மயிலை மேல ஒரு துண்டப் போட்டு மூடறா. நான் ஏன்னு கேக்கல.

இப்ப என்னடான்னா கையும் வந்துருச்சாம். 2025ல ரோபோராக் கம்பெனி, வயித்துக்குள்ளிருந்து ஒரு கைய நீட்டி சாக்ஸ எடுத்து வெக்கற மெஷின் போட்டிருக்காங்க. 300 கிராம் வரைக்கும் தூக்குமாம். படி தாண்டக் கால் வெச்சதும் வந்தாச்சு. ஈரத்துணி போட்டுத் தொடைக்கற மெஷின், அந்தத் துணியச் சுடுதண்ணியில களுவிக் காய வெக்கறதுக்கு ஓரத்துல இன்னொரு பெரிய மெஷின். மாட்டவிடக் கட்டுத்தறி பெருசாப் போச்சு. இது இத்தனையும் வேலை செய்யோணும்னா, ஓட்டறதுக்கு முன்னால நான் நாற்காலிய எடுத்துத் திண்ணையில போடோணும், வயரச் சுருட்டோணும், பேப்பரப் பொறுக்கோணும், கால மேல தூக்கிட்டு உக்காரோணும். போன மாசம் உங்கம்மிச்சி சொன்னா, "கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒரு துரும்ப எடுத்துப் போடாத மனுசன் இப்ப ஊட்டையே ஒதுங்க வெக்கறாரு, இந்த மெஷினு நல்ல மெஷினு." உங்க கம்பெனி வெளம்பரத்துல இதப் போடலாம்.

ஆரம்பிச்சு வெச்ச ஐரோபாட் அஞ்சு கோடிக்கு மேல வித்துச்சு. 2022ல அமேசான் 170 கோடி டாலருக்கு வாங்கறேன்னுச்சு, ஐரோப்பாக்காரங்க மொறைச்சதுல 2024 ஜனவரியில வேண்டாம்னுட்டுப் போயிருச்சு. 2025 டிசம்பர்ல கம்பெனி திவால் மனு போட்டு, அதுக்கு மெஷின் செஞ்சு குடுத்துட்டிருந்த சீனாக்காரன் கைக்கே போச்சு. குகைக்குள்ள போனவன் கட்டிலுக்கடியில தோத்துட்டான். நீ பயப்படாத. குப்பை ஒரு நாளும் திவாலாகாது.

எல்லாம் கிண்டலுக்குச் சொல்றேன்னு நெனச்சுக்காத. பழைய ரூம்பாவுல ஒண்ணு வெச்சிருந்தாங்களே, மண்ணுத் துகள் உள்ள வந்து தட்டற சத்தத்தக் கேட்டு, இங்கதான் அழுக்கு எச்சுன்னு அங்கயே இன்னொரு தடவ சுத்தும்னு, அது எனக்குக் கண்ணுல தண்ணி வரவெச்சுது. அதச் செஞ்சவன் எவனோ அவங்கம்மா கூட்டறத நின்னு கேட்டிருக்கான். சீமாத்துல மண்ணு உரசற சத்தம் நின்னாத்தான் உங்கம்மிச்சி அடுத்த எடத்துக்கு நகருவா. அவ கண்ணால கூட்டறதில்ல, காதால.

அதனால நாளைக்குக் காலையில அவ வாசல் கூட்டறப்ப போன எடுக்காம பக்கத்துல நில்லு. தண்ணி எதுக்குத் தெளிக்கறா, ஈர்க்குச்சிச் சீமாறு எங்க, புல்லுச் சீமாறு எங்க, காத்தாடிய எப்ப நிறுத்தறா, எல்லாம் பாரு. அவகிட்டக் கேக்காத, கேட்டா "இதுல என்ன இருக்குது"ம்பா.

இரு, என்னமோ சத்தம். மயிலைதான், கட்டிலுக்கடியில மாட்டிக்கிட்டுக் கத்துது. தலையில லேசர் கொண்டை வெச்சதுலிருந்து அந்தக் கட்டில் இதுக்கு ஆகறதில்ல. எனக்கு முட்டி மடங்காது, நீ போயி எடுத்து உடு. குனிஞ்சா எட்டாது, படுக்கோணும். கன்னம் தரையில படட்டும். படுத்தவாக்குல செவுத்தோரமா ஒரு பார்வை பாரு, என்ற கண்ணாடி அங்கதான் கெடக்கும்.